வயர் எங்கே போகிறது?

குழு: எங்கட வீடு

சனிக்கிழமை

[காலை 8.05] நிரூபன் (கல்கரி): காரில் றேடார் டிடெக்டர் (பொலிஸ் றேடாரால் வேகம் பார்த்தால் முன்பே கத்துகிற கருவி) பூட்டி முடித்துவிட்டேன். வேலையால் வந்து இரண்டு மணித்தியாலம் அதோடுதான். படம் பாருங்கோ.

[காலை 8.11] கதிர் மாமா (யாழ்ப்பாணம்): தம்பி, வயர் எங்கே போகிறது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லையே.

[காலை 8.14] நிரூபன்: பின்னால் பார்க்கிற கண்ணாடிக்குள் போகிறது மாமா. இந்தக் காரில் அது இரவில் தானாக மங்குகிற கண்ணாடி. அதற்குச் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும். அதிலிருந்து ஒரு சாண் வயர் எடுத்தேன், அவ்வளவுதான்.

[காலை 8.15] நிரூபன்: இடம் தேடுவதுதான் கஷ்டம். றேடார் அலை காரின் முன் கண்ணாடியைத் தாண்டி வரும், உலோகத்தைத் தாண்டாது. அதனால் துடைப்பான் கைக்குப் பின்னாலும் வைக்க முடியாது, மேலே இருக்கும் நிறப் பட்டைக்குப் பின்னாலும் வைக்க விருப்பமில்லை. அதில் உலோகப் பூச்சு இருந்தால் அலை குறைந்துவிடும். கருவி தரைக்குச் சமமாக, நேராக ரோட்டைப் பார்க்க வேண்டும். என் கண்ணுக்கும் மறைக்கக் கூடாது. இதெல்லாம் பொருந்துகிற இடம் உள்ளங்கை அளவுதான்.

[காலை 8.22] சிவம் (ரொறன்ரோ): வடிவாக இருக்கிறது. எனக்கும் ஒன்று வாங்கி அனுப்பு.

[காலை 8.24] நிரூபன்: உங்களுக்கு ஏலாது பெரியப்பா. கனடாவில் அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா, இந்த மூன்று மாகாணங்களில்தான் வைத்திருக்கலாம். ஒன்ராறியோவில் காருக்குள் கிடந்தாலே குற்றம். ஓட வைத்தாயா, நிற்பாட்டி வைத்தாயா என்று கேட்கவும் மாட்டார்கள், பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். டிடெக்டரிலிருந்தும் கொஞ்சம் அலை கசியும், அதைப் பிடிக்கிற கருவியும் பொலிஸிடம் இருக்கிறது. ரோட்டால் உங்களிடம் வரும்போது நான் இதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவேன்.

[காலை 8.26] சிவம்: அப்ப வேண்டாம்.

[காலை 8.31] கதிர் மாமா: இங்கே எனக்கு இது உதவுமா?

[காலை 8.36] நிரூபன்: வேண்டாம் மாமா. சுப்பர் மார்க்கெட்டின் தானியங்கிக் கதவுக்கும் கத்தும், பக்கத்துக் காரின் சென்சருக்கும் கத்தும். இரண்டும் பொலிஸ் றேடார் பாவிக்கிற அதே 24 கிகாஹேர்ட்ஸ் பக்கம்தான். லேசர் துப்பாக்கி என்றால் இது கத்தும்போது உங்கள் வேகத்தை அளந்து முடிந்திருக்கும். ஊர்மனைக்குள் 50, வெளியே 70. அதோடு போங்கோ. உங்களுக்குத் தேவை முன் கண்ணாடியில் ஒட்டி ரோட்டைப் படம் பிடிக்கிற கமெராதான். துஷி வாங்கித் தந்தது எங்கே?

[காலை 8.40] கதிர் மாமா: அதைப் பற்றித்தான் கேட்க இருந்தேன்.

[காலை 8.47] கதிர் மாமா: போன கிழமை கொழும்பிலிருந்து வந்தோம். மாங்குளம் தாண்டி இருட்டிவிட்டது. ரோட்டில் மாடு. பிரேக் போட்டேன், கார் நின்றது, மாடும் போய்விட்டது. ஆனால் அந்த ஆட்டத்தில் கமெரா கண்ணாடியிலிருந்து கழன்று கீழே விழுந்து, வயர் என் காலில் சுற்றிவிட்டது. திரும்பக் காலை எடுக்கிறேன், வயர் பெடலோடு இழுபடுகிறது. பரந்தன் வரும்வரை நெஞ்சு இடித்துக்கொண்டே இருந்தது.

[காலை 8.48] வதனி மாமி: எனக்கு இவர் இதைச் சொல்லவே இல்லை.

[காலை 8.49] துஷி: அப்பா!!

[காலை 8.52] நிரூபன்: மாமா, அந்த வயர் இப்போது எப்படிப் போகிறது? படம் எடுங்கோ.

[காலை 8.58] கதிர் மாமா: (படம்) சிகரட் லைற்றர் ஓட்டையிலிருந்து டாஷ்போர்டுக்கு மேலாகப் போகிறது. கமெரா றப்பர் உறிஞ்சியில் நிற்கிறது. கடையில் அப்படித்தான் பூட்டித் தந்தார்கள்.

[காலை 9.10] நிரூபன்: பார்த்தேன். வயரை ஒளிப்பது வடிவுக்காக மட்டும் இல்லை மாமா, உங்கள் காலுக்காகவும்தான். உறிஞ்சி எங்கள் வெயிலுக்கு நிற்காது, 3எம் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கோ. இந்த வேலையை நீங்களே செய்யலாம், நான் கூட இருக்கிறேன். வயர் போகிற வழி: கமெராவிலிருந்து மேலே, கூரைத் துணிக்குள், முன் கண்ணாடி ஓரத்தில் இருக்கிற வலது பக்கத் தூணுக்கு. தூணால் இறங்கி, கதவு றப்பருக்குள்ளால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பியூஸ் பெட்டிக்கு. மின்சாரம் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

[காலை 9.12] நிரூபன்: ஒரு விசயம் மறக்காதீங்கோ. கமெராவுக்கு 5 வோல்ட்தான். 12 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் எரிந்துவிடும். 12-ஐ 5 ஆக்குகிற சின்னப் பெட்டியோடு வயர் விற்கிறார்கள், சிவப்பும் கறுப்பும் இருக்கிறதை வாங்குங்கோ. கூடவே பியூஸ் டாப் ஒன்று, பியூஸ் இருக்கிற இடத்தில் செருகி இன்னொரு வயருக்கு மின்சாரம் எடுக்கிற துண்டு அது. வாங்குவதற்கு முன் ஒரு பியூஸைக் கழற்றிக்கொண்டு போய்க் காட்டுங்கோ, பியூஸ் பல அளவில் இருக்கிறது.

[காலை 9.20] கதிர் மாமா: சரி. யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 7.10] கதிர் மாமா: எல்லாம் கிடைத்தது. பார்மசியில் ஸ்பிரிட்டும் எடுத்துவிட்டேன். துஷி படம் பிடிக்க நிற்கிறாள். தொடங்கட்டுமா?

[காலை 7.12] நிரூபன்: இங்கே சனி இரவு, எனக்கு வேலை இல்லை. முதலில் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கோ. பிறகு தூணில் எயார்பாக் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கோ.

[காலை 7.16] துஷி: இருக்கிறது. (படம்)

[காலை 7.21] நிரூபன்: சரி. இங்கேதான் கன பேர் பிழை விடுகிறார்கள். அந்தத் தூணுக்கும் கூரை ஓரத்துக்கும் உள்ளே மடித்த பை இருக்கிறது. மோதினால் கண் இமைக்கும் முன் உறையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வயர் அதற்கு முன்னால் ஓடினால் பை விரிகிறதைக் கெடுக்கும், அல்லது வயரையே உங்கள் முகத்தில் எறியும். உறையை மெதுவாக இழுத்துக் கழற்றி, வயரைப் பைக்குப் பின்னால், கார்க்காரர் போட்ட வயரோடு சேர்த்துக் கட்டுங்கோ. மஞ்சள் நிற வயரைத் தொடவே கூடாது, அது எயார்பாக்குடையது. உறை சரியாகத் திரும்பிப் பூட்டுப்பட வேண்டும்.

[காலை 7.24] கதிர் மாமா: கூரைக்குள் எதனால் தள்ளுவது?

[காலை 7.25] நிரூபன்: பழைய வங்கி அட்டை போதும். இரும்பு ஸ்குரூட்ரைவர் வேண்டாம், துணியைக் கிழித்துவிடும்.

[காலை 7.58] துஷி: கூரை முடிந்தது. தூண் முடிந்தது. அப்பா உறைக்குள் ஒரு துணி டேப்பும் சுற்றினார்.

[காலை 7.59] நிரூபன்: நல்லது, மாமாவுக்கு நான் சொல்ல மறந்ததும் தெரிந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் பள்ளம் குழியில் டக்டக் என்று தட்டும்.

[காலை 8.05] நிரூபன்: இப்போது பியூஸ். வானொலி, துடைப்பான், லைற்றர் மாதிரி ஒன்றைத் தெரிவு செய்யுங்கோ. எயார்பாக், பிரேக், ஸ்டியரிங், இயந்திரம் என்று எழுதியதில் கை வைக்க வேண்டாம். டாப்பில் இரண்டு இடம் இருக்கும். கீழ் இடத்தில் பழைய பியூஸ், மேலே கமெராவுக்கு 2 அம்பியர் பியூஸ். கமெராவில் ஏதும் பிழைத்தால் அந்தச் சின்னது மட்டும் போகும், காரின் வயர் சூடாகாது. கறுப்பு வயர் வண்ணம் பூசாத வெற்று உலோகத்தில் இருக்கிற போல்ட்டில் இறுக வேண்டும்.

[காலை 8.31] கதிர் மாமா: பற்றரி திரும்பப் பூட்டியாயிற்று. கமெரா வேலை செய்கிறது!

[காலை 8.32] வதனி மாமி: கும்பிட்ட கடவுள் கைவிடவில்லை.

[காலை 8.36] கதிர் மாமா: ஆனால் சாவியை எடுத்த பிறகும் சிவப்பு லைற் எரிகிறது.

[காலை 8.38] நிரூபன்: எந்தப் பியூஸ் எடுத்தீங்கள்?

[காலை 8.40] கதிர் மாமா: கூரை லைற்றினுடையது. தூரம் குறைவு என்று.

[காலை 8.43] நிரூபன்: அதுதான். கூரை லைற்றுக்கு எப்போதும் மின்சாரம் இருக்கும். நாலைந்து நாள் கார் நின்றால் பற்றரி இறங்கிவிடும். மின்சாரம் இருந்தால் எரிகிற டெஸ்ட் லைற்றை ஒவ்வொரு பியூஸிலும் வைத்துப் பாருங்கோ. சாவி போட்டால் எரிந்து, எடுத்தால் அணைகிறது எதுவோ அது.

[காலை 8.57] கதிர் மாமா: லைற்றர் பியூஸுக்கு மாற்றினேன். சாவி எடுத்தேன், மெல்ல அணைந்தது. மூன்று தரம் பார்த்துவிட்டேன்.

[காலை 8.59] துஷி: கமெராவும் ஒட்டியாயிற்று. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விட்டு, டேப்பை எண்ணி அரை நிமிடம் அழுத்தினோம்.

[காலை 9.01] நிரூபன்: இன்று கமெராவை இழுத்துப் பார்க்க வேண்டாம், இரவு இருக்கட்டும். காலையில் பார்க்கலாம்.

புதன்கிழமை

[இரவு 9.20] கதிர் மாமா: வவுனியாவுக்குப் போய்வந்தோம். முகமாலையில் ஒரு பள்ளத்தில் நன்றாகவே இறங்கியது. கமெரா அசையவில்லை, தூணிலிருந்து சத்தமும் இல்லை.

[இரவு 9.22] வதனி மாமி: நான் இந்தமுறை முன் இருக்கையில் இருந்து இவர் காலடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் இல்லை.

[இரவு 9.40] சிவம்: நிரூ, கமெரா எங்கள் இடத்தில் வைக்கலாம்தானே?

[இரவு 9.44] நிரூபன்: ஓம் பெரியப்பா, அதற்குத் தடை இல்லை. நான் அங்கே வரும்போது பூட்டித் தருகிறேன். உங்கள் காரின் பியூஸ் பெட்டியைத் திறந்து ஒரு படம் அனுப்பி வையுங்கோ, எந்த அளவு என்று பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறேன்.