மறுமொழி: ‘கட்டிலுக்கு வந்ததும் ஆளே மாறிவிடுகிறாள்’ – இதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

இழை நன்றாகவே நீண்டுவிட்டது. ‘இன்டிமேட் சீன்’ என்பதற்கே கை நிறையச் சொற்கள் வந்து குவிந்திருக்கின்றன. ஆனால் இழையைத் தொடங்கிய நண்பரின் சிக்கல் அது மட்டுமல்ல. அவர் மடலிலிருந்து:

> தொடர்களுக்கு விமர்சனம் எழுதும்போது ஒரு குறையைச் சொல்லச் சொல் கிடைக்காமல் திண்டாடுகிறேன். காட்சி ஆபாசமாக இல்லை. நடிப்பும் மோசமில்லை. ஆனால் கட்டிலுக்கு வந்ததும் அந்தப் பெண் அந்தப் பெண்ணாகவே இல்லை. ஆளே மாறிவிடுகிறாள்.

ஆக, காட்சிக்கு ஒரு பெயர் வேண்டும். அந்தக் குறைக்கு ஒரு பெயர் வேண்டும். முதலாவதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

‘படுக்கையறைக் காட்சி’ பத்திரிகைகளில் பழகிய சொல்தான். ஆனால் காட்சி சமையலறையிலோ காரிலோ நடந்தால் என்ன செய்வது? தவிர, இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுவதும் இந்த வகைக்குள் வரும். ‘அந்தரங்கக் காட்சி’ என்றால் யாரோ திருட்டுத்தனமாக எடுத்து வெளியிட்டது போன்ற நெடி வருகிறது. செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை அப்படிப் பழக்கிவிட்டன. ‘நெருக்கம்’ நல்ல சொல், ஆனால் கூட்ட நெரிசலுக்கும் அதுவே. புலவர் ஐயா முன்வைத்த ‘புணர்ச்சிக் காட்சி’ இலக்கணப்படி குற்றமில்லாதது. ஆனால் புணர்ச்சி விதி நடத்தும்போது பின் பெஞ்சில் எழும் சிரிப்பை ஐயாவும் கேட்டிருப்பார். ‘அணுக்கக் காட்சி’ என்று ஒரு தோழி எழுதியிருந்தார். என் ஓட்டு அதற்கு. அணுகுதல், அணுக்கம் இரண்டும் எல்லோருக்கும் புரியும், விரசமும் இல்லை, முத்தத்திலிருந்து முழுக் கூடல் வரை எதையும் தாங்கும். எது வரை சரி என்று நடிகர்களோடு முன்பே பேசி இத்தகைய காட்சிகளை அமைத்துத் தருபவர் (‘இன்டிமசி கோஆர்டினேட்டர்’) ‘அணுக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர்’. நீளம்தான், ஆனாலும் படத்தின் டைட்டிலில் போட இடம் போதும்.

இனி அந்தக் குறை.

இதற்கு முன்வைக்கப்பட்ட முதல் சொல் ‘இயல்பின்மை’, அடுத்தது ‘நம்பகத்தன்மைக் குறைவு’. இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. காரணத்தை ஒரு தொடரை வைத்தே சொல்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ.வின் ‘தி டியூஸ்’ 1970களின் நியூயார்க்கில் பாலியல் தொழிலும் ஆபாசப் படத் தொழிலும் வளர்ந்த கதை. அதில் லோரி என்ற பாத்திரத்தில் நடித்த எமிலி மீட், இத்தகைய காட்சிகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். அப்படி 2018இல் அந்தத் தொடரின் இரண்டாம் பருவத்துக்கு வந்தவர் அலிசியா ரோடிஸ். அதே ஆண்டு அக்டோபரில், இனித் தன் தொடர்களில் இப்படிக் காட்சி இருந்தால் ஒருங்கிணைப்பாளர் இருப்பார் என்று எச்.பி.ஓ. அறிவித்தது. 2020இல் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா இந்தப் பணிக்கு வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான்.

என் கவனம் லோரியின் மேல். அவளுக்கு அணுக்கம் என்பது பிழைப்பு. முனகலிலிருந்து கண் சொருகுவது வரை வாடிக்கையாளருக்காகவும் கேமராவுக்காகவும் செய்துகாட்டுவது. அந்தக் காட்சி ‘இயல்பாக’ இருந்தால்தான் தப்பு! அங்கே போலித்தனமே அவளுடைய மெய். ஆகவே நாம் தேடுவது காட்சி உலகத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதைக் குறிக்கும் சொல்லை அல்ல. இந்த ஆளுக்கு உண்மையாக இருக்கிறதா என்பதைக் குறிக்கும் சொல்லை. ‘இயல்பு’ இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

அடுத்து ‘பாத்திரப் பிறழ்வு’. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. வேறு எந்தத் துறையாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிருப்பேன். இந்த இடத்தில் மட்டும் வேண்டாம். பாலியல் காட்சிக்குப் பக்கத்தில் ‘பிறழ்வு’ என்று எழுதினால், படிப்பவர் அந்தப் பாத்திரத்துக்கு ஏதோ வக்கிரம் என்று எடுத்துக்கொள்வார். ‘குணக்கேடு’ அதைவிட மோசம். அது நேராக ஒழுக்கத் தீர்ப்பு. ‘ஆள்மாற்றம்’ எழுதிய தம்பிக்கு: இவ்வகைக் காட்சிகளில் நடிகருக்குப் பதில் டூப் போடுவது உண்டு. ‘இந்தக் காட்சியில் ஆள்மாற்றம் தெரிகிறது’ என்று நீங்கள் எழுதினால், டூப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை: பாத்திர வழு.

பள்ளியில் படித்ததுதான். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழில் பிசகினால் வழு. பிசகாமல் வந்தால் வழாநிலை. அதோடு நம் இலக்கணக்காரர்கள் நிற்கவில்லை. பிசகுதான், ஆனால் அதற்குத் தக்க காரணம் இருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாம் என்றால் வழுவமைதி. தன் பசு வீடு திரும்பியதும் ‘என் அம்மை வந்தாள்’ என்கிறான் ஒருவன். அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது திணை வழு. ஆனால் உவப்பு மிகுந்து சொன்னதால் அது அமையும் என்கிறது நன்னூல். நமக்கு வேண்டியது இந்த மூன்றாவது பெட்டிதான்.

ஏனென்றால் கட்டிலில் மனிதர்கள் கொஞ்சம் மாறத்தான் செய்வார்கள். அலுவலகத்தில் எல்லோரையும் மிரட்டுகிறவர் அங்கே யாராவது தன்னை அதட்ட மாட்டார்களா என்று ஏங்கலாம். வாயே திறக்காதவர் நிறையப் பேசலாம். ‘பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை அளவுகோலை வைத்துக்கொண்டால் இவை எல்லாவற்றையும் குறை என்று எழுத வேண்டியிருக்கும். அது அசட்டுத்தனம். வெட்கப்படுகிறவள் எப்போதும் விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டும் என்று யார் விதித்தது?

ஒரு கற்பனைத் தொடரை எடுத்துக்கொள்வோம். அதில் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் ஒரு பெண். கைக்கடிகாரத்தைக் கழற்றினால் எப்போதும் ஒரே இடத்தில், முகப்பு மேலே தெரியும்படி வைப்பவள். பேனா மூடியைக்கூடத் திறந்து விட மாட்டாள். கணவனை இழந்து சில ஆண்டுகள். நான்காம் பகுதியில் ஒருவனோடு சேர்கிறாள். கதவு மூடியதும் துணிகள் நாலா பக்கமும் பறக்கின்றன, மேசை விளக்கு உருள்கிறது, கடிகாரம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை எதுவுமே நடக்காத மாதிரி பேனா மூடி, கணக்குப் புத்தகம். இது வழு. அந்த இரவு அவளுடையது இல்லை; வேறு நூறு தொடர்களில் பார்த்த அதே இரவு, பொதுச் சரக்கு.

அதே காட்சியில் ஒரே ஒரு மாற்றம். துணிகள் பறக்கட்டும். நடு இரவில் அவள் எழுந்து, இருட்டில் தரையைத் தடவிக் கடிகாரத்தைத் தேடுகிறாள். கிடைக்கிறது. வழக்கமான இடத்தில் வைக்கப் போனவள் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது முன்பு நடந்த அமளிக்கும் பொருள் வந்துவிடுகிறது. மீறினாள், மீறினோம் என்று அவளுக்கே தெரிகிறது. இது வழுவமைதி. துணி பறந்ததா இல்லையா என்பதல்ல விஷயம். அந்த மீறலைக் கதை கவனித்ததா, மறந்ததா என்பதே.

வழாநிலைக்கும் ஒரு சான்று. 2020இல் வந்த ‘நார்மல் பீப்பிள்’ தொடரில் கானெல், மரியான் இருவரும் முதன்முதலில் சேரும் காட்சி. பள்ளியில் அவளோடு தனக்குள்ள தொடர்பு வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று பயப்படுகிறவன் அவன். அறைக்குள் அவன்தான் இது உனக்குச் சம்மதமா என்று கேட்கிறான், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் முரண். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரில் இருப்பவர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பதை ஓயாமல் கவனிக்கும் பையன் அவன். அந்தக் கவனிப்புத்தான் வெளியே கோழைத்தனமாகவும் உள்ளே பரிவாகவும் வருகிறது. ஒரே ஆள். அதனால்தான் காட்சி நீளமாக இருந்தும் சலிப்பதில்லை. அதன் அணுக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர் ஈட்டா ஓ’பிரையன்.

இங்கே ஒரு மடலுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒத்திகை பார்த்து, கை எங்கே, தலை எங்கே என்று முன்கூட்டியே தீர்மானித்தால் உணர்ச்சி செத்துவிடாதா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். நடிகர் ஷான் பீனும் 2022இல் ஒரு பேட்டியில் ஏறத்தாழ இதையே சொன்னார், தன்னெழுச்சி கெட்டுவிடும் என்று. எனக்கென்னவோ மறுபக்கம்தான் சரி என்று படுகிறது. சண்டைக் காட்சியில் ஸ்டண்ட் மாஸ்டர் ஒவ்வொரு அடியையும் எண்ணித்தான் அமைக்கிறார். அதனால்தான் பயந்தவன் பயந்தவனாகவும் ரவுடி ரவுடியாகவும் அடிக்க முடிகிறது. ‘நீங்களே பார்த்துப் பண்ணுங்க’ என்று இரண்டு நடிகர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கூச்சத்தை மறைக்க, தாங்கள் வேறு படங்களில் பார்த்ததைச் செய்வார்கள். பாத்திர வழு பிறப்பது பெரும்பாலும் அங்கேதான். எது வரை சரி, எங்கே தொடக் கூடாது என்பது முன்பே பேசி முடிந்திருந்தால், ‘இவள் முதலில் எதைக் கழற்றுவாள்?’ என்று யோசிக்க நடிகருக்கு மனம் மிச்சமிருக்கும். சில ஒருங்கிணைப்பாளர்கள் பாதுகாப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை இயக்குநரிடம் விட்டுவிடுகிறார்கள் என்ற குறை வந்தால் அதை ஏற்கலாம்.

ஆங்கிலத்திலும் இப்படிப்பட்ட ஒரு குறைக்குப் பெயர் வைத்தது விமர்சகர்தான். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் பின்னணியில் உடலுறவு நடக்க, முன்னணியில் யாராவது வரலாறு விளக்கிக்கொண்டிருப்பார்கள். மைல்ஸ் மெக்நட் என்ற விமர்சகர் 2011இல் அதற்கு ‘செக்ஸ்பொசிஷன்’ (செக்ஸ் + எக்ஸ்பொசிஷன், அதாவது கதை விளக்கம்) என்று பெயர் வைத்தார், நிலைத்துவிட்டது. நமக்கு ‘கட்டிலுரை’ போதும். பதவுரை, பொழிப்புரை, கட்டிலுரை! (சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் பயன்படுத்துங்கள்.)

‘வழு’ ஏற்கெனவே கணினித் துறையில் ‘பக்’ என்பதற்குப் போய்விட்டதே என்று யாராவது கேட்பீர்கள். போகட்டும். எழுதியவர் நினைத்த மாதிரி நிரல் ஓடாததும், எழுதியவர் படைத்த மாதிரி ஆள் நடக்காததும் தூரத்து உறவுதான். ‘பாத்திர’ என்ற முன்னொட்டு இருப்பதால் குழப்பம் வராது.

சங்கப் பாட்டில் சான்று உண்டா என்று புலவர் ஐயா கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டு, கபிலர் பாடியது. தலைவி சொல்கிறாள்: தலைவன் அவளைக் கூடியபோது அங்கே யாருமில்லை, அவன் மட்டும்தான். அவனே வாக்கு மாறினால் அவள் என்ன செய்வாள்? சாட்சியென்று இருந்தது ஒரு குருகு, அதாவது ஒரு நீர்ப்பறவை. தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றது. கூடலைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பதாகக் கவிஞர் காட்டுவது அந்தக் கால்களைத்தான். கைவிடப்படுவோமோ என்ற பயத்தில் இருக்கும் பெண், சாட்சியைத் தவிர வேறு எதை நினைவில் வைப்பாள்? உடல்களைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் அது அணுக்கக் காட்சி. வழாநிலைக்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டும் அதுவே.

விமர்சனத்தில் சொற்றொடர் இப்படி வரும்: ‘மூன்றாம் பகுதியின் அணுக்கக் காட்சியில் பாத்திர வழு இருக்கிறது’, ‘முதலில் வழு போலத் தோன்றினாலும் கடைசிப் பகுதி அதை அமைதியாக்கிவிடுகிறது’. இரண்டாவதில் ‘அமைதி’ என்பதை மௌனம் என்று படித்துவிடும் ஆபத்து இருப்பதால், ‘வழுவமைதி’ என்று முழுதாகவே எழுதலாம்.

அணுக்கக் காட்சி, பாத்திர வழு, வழாநிலை, வழுவமைதி, கட்டிலுரை – இவற்றுக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘கெமிஸ்ட்ரி’யை மட்டும் தயவுசெய்து இந்த இழையில் கலக்க வேண்டாம். ‘இருவருக்கும் வேதியியல் நன்றாக இருக்கிறது’ என்று எழுதுகிறவர்களோடு சண்டை போடத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்.