பெத்தாய் பெலாலாங் தின்னும் மாட்டுக்குப் புரோபயாட்டிக் பொடி பலன் தருமா?

நிபோங் திபால் பக்கம் மாடு வைத்திருக்கிறோம். புல் பற்றாமல் ஓரத்தில் மண்டிக் கிடக்கும் பெத்தாய் பெலாலாங், அதான் நம் சவுண்டல், வெட்டிப் போடுகிறோம். ஆசையாகத் தின்கின்றன, ஆனால் வால் முடி கொட்டுகிறது, எச்சில் வடிகிறது. கடைக்காரர் புரோபயாட்டிக் பொடி, அதாவது வயிற்றுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்ப் பொடி, வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில் 1:
காசை வீணாக்காதீர்கள் அண்ணே. இது சவுண்டல் இலையில் இருக்கும் மிமோசின் என்ற நஞ்சின் வேலை மாதிரி தெரிகிறது. அந்தப் பொடிகளில் பெரும்பாலும் ஈஸ்ட், லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாதான், அவை இதற்கு உதவாது. மிமோசின் உடைந்து வரும் டி.எச்.பி. நஞ்சை அழிப்பது சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சி என்ற பாக்டீரியா. ஹவாயில் ஆடுகள் சவுண்டலைத் தின்றும் நன்றாக இருந்ததைக் கவனித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ், 1980களில் அவற்றின் இரைப்பை நீரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு வந்து, அங்குள்ள கால்நடைகளுக்குக் கொடுத்தால் நஞ்சு தணிவதைக் காட்டினார். இப்போதைக்கு இலையை நிறுத்தி, தேறியதும் தீனியில் 30 விழுக்காட்டுக்குள் வையுங்கள்.

பதில் 2:
சவுண்டல் தின்று பழகிய நல்ல மாட்டின் இரைப்பை நீரை, சூடு ஆறாமல், காற்றுப் படாமல் உடனே குழாய் வழியாகக் கொடுப்பதும் உண்டு. ஒன்றிரண்டு மாட்டுக்குக் கொடுத்தாலே மந்தையில் மற்றவற்றுக்கும் பரவும். ஆனால் நோயும் கூடவே வரலாம், கால்நடை டாக்டர் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்:
சரி, இலையை இன்றே நிறுத்துகிறேன். மாடு தேறும்வரை செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு போடலாமா?

பதில் 1:
போடலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வைக்கோலோ புல்லோ கட்டாயம் வேண்டும்.