லிஸ்பனில் ஒரு பகல்: மேடேறாமல் கோட்டைக்குச் செல்லும் வழி

கேள்வி: எங்கள் கப்பல் லிஸ்பனில் ஒரு பகல் மட்டுமே நிற்கிறது. முழங்கால் வலியுள்ள என் தாயாரைச் சாவோ ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் செல்ல, செங்குத்தான தெருக்களைத் தவிர்க்கும் வழி உண்டா?

மறுமொழி 1: உண்டு, ஐயா. கப்பல் முனையத்தை அடுத்துள்ள சாந்தா அப்போலோனியாவில் நீல வழித்தட மெட்ரோவில் ஏறி, பைஷா-ஷியாதோவில் இறங்கி, சமதளத் தெருக்களில் நடந்து ஃபிகெய்ரா சதுக்கத்தை அடைந்தால், கோட்டைக்குச் செல்லும் 737 ஆம் எண் பேருந்து கிடைக்கும்.

மறுமொழி 2: புகழ்பெற்ற 28 ஆம் எண் டிராமைத் தாயாருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நெரிசலில் நின்றே செல்ல நேரிடும். பிக்பாக்கெட் தொல்லையும் உண்டு.

மறுமொழி 3: ஃபான்கெய்ரோஸ் தெருவில் கட்டணமில்லா மின்தூக்கி இருக்கிறது, ஆயினும் அதன்பின் சிறிது மேடேற வேண்டியிருப்பதால், உங்களுக்குப் பேருந்தே ஏற்றது. சுண்ணாம்புக்கல் பாவிய நடைபாதைகள் மழையில் வழுக்கும் என்பதால் பிடிமானமுள்ள காலணி அவசியம்.