உணவே சிகிச்சையானபோது: உங்கள் அனுபவம் என்ன?

என் மகனுக்கு வலிப்பு. மருந்தை மாற்றிப் பார்த்தும், கூட்டிப் பார்த்தும் அடங்கவில்லை. நரம்பியல் மருத்துவர் கீட்டோஜெனிக் உணவுமுறை என்றதும், எடை குறைக்க ஆளாளுக்குப் பின்பற்றுகிறார்களே, அந்தக் கீட்டோதானே என்று கேட்டேன். அது வேறு, இது வேறு. வலிப்புக்கென்றே 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸல் வைல்டர் முன்வைத்த சிகிச்சை இது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறையும் என்பது அதற்கு முன்பே தெரியும். ஆனால் எத்தனை நாள் பட்டினி போட முடியும்? மாவுச்சத்தை அடியோடு குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால், பட்டினியில் போலவே கல்லீரல் கீட்டோன் என்ற எரிபொருளை உண்டாக்கும்; மூளை அதில் ஓடும்.

எங்களுக்குச் சொன்ன விகிதம் 4:1. கொழுப்பு 4 கிராம் என்றால், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்தே 1 கிராம்தான். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போட வேண்டும். தட்டில் ஒட்டிய வெண்ணெயை ரப்பர் கரண்டியால் வழித்து ஊட்டுவேன். அது தங்கிவிட்டால் கணக்கு கெட்டுவிடும். காய்ச்சல் வந்தால் இனிப்பு சிரப் கிடையாது, மாத்திரையைப் பொடித்துத்தான் தர வேண்டும். பற்பசையில் என்ன கலந்திருக்கிறது என்றுகூட டயட்டீஷியன் விசாரித்தார்!

வலிப்பு முழுதாக நிற்கவில்லை, ஆனால் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஒரு மருந்தை மருத்துவரே நிறுத்திவிட்டார். அதற்காக யாரும் வீட்டிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். கொழுப்பை உடல் எரிக்க முடியாத சில பிறவிக் கோளாறுகள் உண்டு. அவை உள்ளவர்களுக்கு இந்த உணவு ஆபத்து. அது இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகே எங்களுக்குத் தொடங்கினார்கள். சிறுநீரகக் கல் வரலாம், மலச்சிக்கல் சகஜம். பிறந்தநாள் விழாக்களுக்குப் போவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம்.

•

தராசு வேண்டாம், ஆனால் துகள்கூடப் படக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கதை. என் தங்கைக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவள் சிறுகுடலை அரித்துவிடும். இதற்கு ஒரே சிகிச்சை ஆயுள் முழுக்க அதைத் தவிர்ப்பதுதான். கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டு சொன்னவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1950-இல் அதையே ஆய்வேடாக எழுதினார்.

சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்தச் சொல்லித்தான் பலரும் அறிவுரை சொன்னார்கள். மருத்துவர் நேர்மாறாக, "பரிசோதனை முடியும்வரை சாப்பிடுங்கள்" என்றார். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் ரத்தத்தில் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, நோய் இல்லை என்றே முடிவு வரலாமாம். வயிற்றுவலியோடு அந்த நாட்களை அவள் ஓட்டியது பாவம். அப்புறம் அவளுக்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை, தனி டோஸ்டர்.

•

எனக்கு டைப் 2 சர்க்கரை நோய். குறைந்த கலோரி உணவில் எடை இறங்கி, இப்போது மாத்திரை இல்லாமலே HbA1c (மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறது. 2017-இல் வெளியான பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வைக் காட்டித்தான் மருத்துவர் என்னைச் சம்மதிக்க வைத்தார். தினம் 825 முதல் 853 கலோரி தரும் பானங்களில் தொடங்கியவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் நோய் தணிந்திருந்தது. "குணமாகிவிட்டது" என்று நான் சொல்ல மாட்டேன். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். உணவைக் குறைக்கும்போது மாத்திரையையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சில மருந்துகளில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

•

சிறுநீரகம் பழுதானவர்கள் இருந்தால் ஒன்று மட்டும். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை என் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். டப்பாவைப் பார்த்ததும் டயட்டீஷியன் முதல் வேலையாக அதைத் தூக்கிப் போடச் சொன்னார்.