தள்ளுபடிக் கணக்குகள் தேவை, உதவுங்கள்

சமுதாயக் கல்லூரியில் விற்பனையும் மார்க்கெட்டிங்கும் முதல் பருவத்தில் படிப்பவர்களுக்காகப் பயிற்சிக் கணக்குகள் சேர்க்கிறோம்.

பெரும்பாலும் இடறுவது ஒரே இடத்தில்தான். 80க்கு வாங்கியதை 100க்கு விற்றால் லாபம் 20. அடக்க விலைக்கு அது 25 சதவீதம், விற்பனை விலைக்கு 20 சதவீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "லாபம் 25 சதவீதம், அதில் தள்ளுபடி 10 சதவீதம் போனால் 15 சதவீதம் மிஞ்சும்" என்று எழுதிவிடுகிறார்கள். தள்ளுபடி 100இல் போகிறது, 90க்கு விற்றால் கையில் நிற்பது 10தான்; பழைய லாபத்தைப் பிடிக்க இரண்டு மடங்கு விற்றாக வேண்டும். விளம்பரமெல்லாம் பிறகு. இது பிடிபடாமல் விலை பேச உட்காரவே கூடாது.

விற்பனையில் இருப்பவர்கள், அடக்க விலை, விற்பனை விலை, தள்ளுபடி, விற்ற எண்ணிக்கை நான்கும் உள்ள கணக்குகள் இருந்தால் அனுப்புங்கள். வண்டிக்கூலி சேர்ந்ததாக இருந்தால் ரொம்ப நல்லது. அதைத்தான் எல்லோரும் அடக்கத்தில் சேர்க்க மறக்கிறார்கள்.