ஸ்காபரோ: மேல்வீட்டுக் கதவை உடைத்து கார் சாவி கேட்டார்கள். அடுத்தது எங்கள் வண்டியா?

பேஸ்மென்ட்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நேற்று விடியற்காலை மேல்வீட்டின் முன்கதவை முகமூடி போட்ட இரண்டு பேர் உதைத்து உடைத்துவிட்டார்கள். "கார் சாவி எங்கே?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லையாம். வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார், வண்டி போய்விட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி படவில்லை. என் மனைவி அப்போதிலிருந்து கண் மூடவில்லை, கைக்குழந்தை வேறு. எங்களிடமும் ஒரு எஸ்யுவி இருக்கிறது. இரவில் சாவியை எங்கே வைப்பது? போலீஸே சாவியை வாசலில் வைக்கச் சொன்னதாக ஒருவர் சொல்கிறார், உண்மையா? தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.

மார்க்கம்_மணி:
உண்மைதான். 2024 மார்ச் வாக்கில் இது பெரிய செய்தி. டொராண்டோவின் எட்டோபிகோ பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தில் டொராண்டோ போலீஸ் அதிகாரி ஒருவர், வீட்டுக்குள் தாக்கப்படாமல் இருக்க சாவியை முன்கதவருகே வைத்துவிடுங்கள் என்றார். பிடிபடுகிறவர்கள் பலரிடம் துப்பாக்கி இருக்கிறது, அது பொம்மைத் துப்பாக்கி இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ஊரே சிரித்தது. அப்புறம் காவல்துறை, நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் வேறு வழிகளும் இருக்கின்றன என்று அறிக்கை விட்டது. நான் அந்த அதிகாரி பக்கம்தான். சாவியை வாசலில் வையுங்கள், வந்தவன் எடுத்துக்கொண்டு போகட்டும்.

பழைய_கனடாக்காரன்:
தம்பி, நாங்கள் 80களின் கடைசியில் வந்து இறங்கியபோது ஒரே அறையில் ஆறு பேர். முதல் பனிக்காலத்தில் இரவு பஸ்ஸுக்கு நின்று காது விறைத்துப் போனது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு வாங்கிய கார் அடிப்பக்கமெல்லாம் கறள் பிடித்தது, கதவு பூட்டவே பூட்டாது. ஒருத்தரும் தொடவில்லை! இப்போது வருகிறவர்கள் வந்த உடனேயே எஸ்யுவி எடுக்கிறீர்கள். டொராண்டோ நகரத்து ரிரிசி பஸ் இருக்கிறது, சப்வே இருக்கிறது. அதை விற்றுவிட்டு ஒரு பழைய செடான் வாங்குங்கள். இந்தக் கள்ளர் பிரச்சினைக்கு அதைவிட நல்ல பூட்டு கிடையாது.

வயர்மேன்:
கார் மின்வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வாசலில் சாவியை வெறுமனே வைப்பது இன்னொரு திருட்டுக்குக் கதவைத் திறந்துவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டியின் சாவி எப்போதும் வண்டியின் அழைப்புக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கும். ஒருவன் வீட்டுக் கதவோரம் ஒரு ஆன்டெனாவோடு நிற்பான், மற்றவன் காரருகே இன்னொரு பெட்டியோடு நிற்பான். சாவி பக்கத்தில் இருப்பதாக நினைத்து வண்டி திறந்து ஸ்டார்ட்டும் ஆகிவிடும். ரிலே திருட்டு என்பது இதுதான், ஒரு சத்தமும் வராது. சிக்னலைத் தடுக்கும் உலோகத் துணி வைத்த ஃபாரடே பைக்குள் சாவியை வைத்தால் இது நடக்காது.

ஆனால் பை போட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கண்ணாடியை உடைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் வண்டியின் கணினியைச் சோதிக்க இருக்கும் ஓபிடி போர்ட்டில் கருவியைச் செருகி புதுச் சாவியையே பதிய வைப்பவர்கள் இருக்கிறார்கள். முன்விளக்குப் பக்கத்து ஒயரைப் பிடித்து வண்டியின் உள்வலைக்குள் பொய்ச் செய்தி அனுப்புவதும் உண்டு, அதைக் கேன் இன்ஜெக்‌ஷன் என்பார்கள். இந்த இரண்டுக்கும் உங்கள் சாவி தலையணைக்கு அடியில் இருந்தால் என்ன, அடுத்த நாட்டில் இருந்தால் என்ன? 2007 செப்டம்பரிலிருந்து இங்கே விற்கும் புது வண்டிகளில், சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஓடவிடாத இம்மொபிலைசர் கட்டாயம். பழைய ஒயர் திருட்டு அதனால் குறைந்தது, திருடர்கள் கணினி படித்துக்கொண்டார்கள்.

லெக்சஸ்காரி:
பையெல்லாம் எதற்கு? சாவியில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அன்லாக்கை இரண்டு தடவை தட்டுங்கள், விளக்கு நான்கு முறை மின்னும். சாவி தூங்கிவிடும். காலையில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் எழுந்துவிடும். நான் தினமும் செய்கிறேன்.

வயர்மேன்:
அது டொயோட்டா, லெக்சஸ் சாவிகளுக்கு, தங்கச்சி. மற்ற கம்பெனி என்றால் வண்டிக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். அவர் என்ன வண்டி என்றே சொல்லவில்லையே.

ரூஜ்_அக்கா:
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். தம்பி, பயந்து போயிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் என்ன வண்டி, எந்த வருடம், சொந்தமா லீஸா, எத்தனை சாவி, உங்களுக்குத் தனி வாசலா, காரை எங்கே நிறுத்துகிறீர்கள், இன்சூரன்ஸில் களவுக்குக் காப்பு இருக்கிறதா? இவ்வளவும் தெரியாமல் எல்லோரும் அவரவர் காருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பேஸ்மென்ட்வாசி:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதிவிட்டேன். ஹோண்டா சிஆர்-வி 2019, பட்டன் ஸ்டார்ட். தெரிந்தவர் மூலமாக ஒருவரிடம் நேரடியாக வாங்கினேன். பக்கவாட்டில் எங்களுக்குத் தனிக்கதவு உண்டு. வண்டி டிரைவ்வேயில் வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் நிற்கும். இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன், எது எதற்கு என்று பார்க்கவில்லை. ஒரு சாவிதான் கொடுத்தார்கள், இன்னொன்று தொலைந்துவிட்டதாம்.

பிரம்ப்டன்_பாலா:
சிஆர்-வியா! திருட்டுப் பட்டியல் எந்த வருடம் வந்தாலும் அதன் பெயர் இருக்கிறதே. எங்கள் தெருவில் வண்டி போனபோது போலீஸ் வந்து ஒரு ரிப்போர்ட் நம்பர் கொடுத்தது, அவ்வளவுதான். உள்ளே போனவன் அடுத்த வாரம் ஜாமீனில் வெளியே.

மார்க்கம்_மணி:
வண்டி அதற்குள் மான்ட்ரியால் துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் ஏறியிருக்கும். ஒன்டாரியோ மாகாணப் போலீஸ் 2023 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை ப்ராஜெக்ட் வெக்டர் என்று சோதனை நடத்தி, அந்தத் துறைமுகத்தில் மட்டும் 598 வண்டிகளை மீட்டது. பிடிபட்டதே அத்தனை. ஏறிப்போனது எத்தனையோ?

பிரம்ப்டன்_பாலா:
நஷ்டமெல்லாம் நம் தலையில்தானே விடிகிறது! 2023-ல் கார் திருட்டுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்தது 150 கோடி டாலர். ஒரு விபத்து இல்லை, ஒரு டிக்கெட் இல்லை, ஆனாலும் என் பிரீமியம் ஏறுகிறது. போஸ்டல் கோடைச் சொன்னதும் ஏஜென்ட் குரலே மாறுகிறது.

பழைய_கனடாக்காரன்:
எல்லாம் ஒட்டாவாவில் இருப்பவர்களின் வேலை. 2024 பெப்ரவரியில் கார் களவுக்கென்று பெரிய மாநாடு கூட்டினார்கள். தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

லெக்சஸ்காரி:
அப்படியே சொல்லிவிட முடியாது அண்ணா, 2024-ல் திருட்டு குறைந்திருக்கிறது. குறைந்தும் பிரீமியம் குறையவில்லை என்பது வேறு கதை.

பிரம்ப்டன்_பாலா:
இந்தக் குளிரையும் தாங்கி, இந்த வரியையும் கட்டி, காருக்குக் காவலும் இருக்க வேண்டுமென்றால் எதற்குத்தான் வந்தோமோ.

ரூஜ்_அக்கா:
சரி, புலம்பினது போதும், அவரிடம் வருவோம். தம்பி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். இரவில் நீங்கள் வீட்டில் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்? சாவி எந்த அறையில் இருக்கும் என்று பார்க்கத்தான் கேட்கிறேன்.

பேஸ்மென்ட்வாசி:
இரவில் நான் வீட்டில் இருப்பதில்லை அக்கா. வேர்ஹவுஸில் நைட் ஷிஃப்ட், காரில்தான் போய் வருகிறேன். வார இறுதியில் மட்டும் வீடு. மனைவியும் குழந்தையும் தனியாகத்தான் இருப்பார்கள். அதனால்தான் இவ்வளவு பயம்.

மார்க்கம்_மணி:
அப்போ ராத்திரி வீட்டில் காரும் இல்லை, சாவியும் இல்லை! இதுவரை சாவியை எங்கே வைப்பது என்று சண்டை போட்டோமே.

ரூஜ்_அக்கா:
இப்போதுதான் விஷயமே புரிகிறது. இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், வீடு வேறு, கார் வேறு.

வீட்டில் முக்கியம் உங்கள் பக்கக்கதவு. பேஸ்மென்ட் கதவுகள் பெரும்பாலும் மெலிசு, பூட்டு நல்லதாக இருந்தாலும் நிலையில் இருக்கும் தகடு குட்டி ஸ்க்ரூவில் தொங்கும். ஓர் உதையில் பிய்வது அதுதான். அந்த ஸ்க்ரூக்களை மாற்றி, சுவரின் மரச்சட்டம் வரை போகும் மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டுத் தகட்டையும் பெரிதாக்கினால், உதைப்பவன் நன்றாக மெனக்கெட வேண்டியிருக்கும். வீட்டுக்காரரே பயந்திருக்கிறார், இப்போது கேட்டால் சம்மதிப்பார். அவரைக் கேட்காமல் பூட்டை மாற்றாதீர்கள். ஒன்ராறியோ வாடகைச் சட்டப்படி குடியிருப்பவர் தன்னிஷ்டத்துக்குப் பூட்டு மாற்ற முடியாது. கதவுக்கு வெளியே ஆளசைந்தால் எரியும் விளக்கு ஒன்றும் போடச் சொல்லுங்கள். பேஸ்மென்ட் ஜன்னலுக்குக் கம்பி அடித்து மூட வேண்டாம், தீப்பிடித்துக் கதவுப் பக்கம் போக முடியாவிட்டால் வெளியேற அந்த வழிதான் உண்டு.

மனைவியிடம் சொல்லி வையுங்கள்: சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கப் போக வேண்டாம். குழந்தையோடு உள்ளறைக்குப் போய்ப் பூட்டிக்கொண்டு 911 அழைக்க வேண்டும். முதலில் முகவரி, பேஸ்மென்ட் என்பதையும் பக்கவாசல் என்பதையும் சேர்த்து. ஆங்கிலம் தடுமாறினால் "டமில்" என்றால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அப்படியும் எவனாவது உள்ளே வந்துவிட்டால் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். உங்கள் வீட்டுக்காரர் செய்தது மிகச் சரி.

வார இறுதியில் சாவியைப் பையில் போட்டு, படுக்கையறையில் இல்லாமல் வாசல் பக்கமாகவே வையுங்கள். பை இருப்பதால் வயர்மேன் சொல்கிற ரிலே பயம் இல்லை, எவனும் சாவி தேடி படுக்கையறை வரை வரவும் வேண்டாம்.

வயர்மேன்:
நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். காருக்கு நான் சொல்கிறேன். உங்கள் வண்டிக்கு ஆபத்து வேர்ஹவுஸ் பார்க்கிங்கில்தான் அதிகம், பல மணி நேரம் அசையாமல் நிற்கிறது, நீங்கள் உள்ளே இருப்பதும் தெரியும். விளக்கும் கேமராவும் இருக்கும் இடமாக, ஆட்கள் நடமாடும் வாசல் பக்கம் நிறுத்துங்கள். கண்ணில் படும்படி ஒரு ஸ்டீயரிங் பூட்டு போடுங்கள். அறுக்க முடியாதது இல்லை, ஆனால் அறுக்க நேரம் ஆகும், பக்கத்தில் பூட்டில்லாத வண்டி இருந்தால் அதற்குப் போய்விடுவார்கள். ஓபிடி போர்ட்டுக்கும் மூடி போட்டுப் பூட்டும் பெட்டி கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தொலைந்த சாவி! அது உண்மையில் தொலைந்ததா, யாரிடமாவது இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? டீலரிடமோ கார் சாவி செய்யும் லாக்ஸ்மித்திடமோ போய், வண்டியின் நினைவில் இருக்கும் சாவிகளையெல்லாம் அழித்துவிட்டு உங்களுடையதையும் புதிதாக ஒன்றையும் மட்டும் பதியச் சொல்லுங்கள். தனியாரிடம் வாங்கியதால் இன்னொன்று: முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும் வின் நம்பரும் (ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியான அடையாள எண்), ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருப்பதும், ஓனர்ஷிப் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். திருடிய வண்டிக்கு வேறு நம்பர் ஒட்டி விற்கிறார்கள். கனடா போலீஸ் தகவல் மையமான சிபிக் இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டுத் திருட்டு வண்டியா என்று பொதுமக்களே தேடலாம்.

கணக்குப்பிள்ளை:
இன்சூரன்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒன்டாரியோவில் சட்டம் கட்டாயமாக்கும் காப்பு மட்டும் இருந்தால் வண்டி திருடு போனால் ஒரு டாலர்கூட வராது. காம்ப்ரிஹென்சிவ், ஸ்பெசிஃபைட் பெரில்ஸ், ஆல் பெரில்ஸ் இவற்றில் ஏதாவது ஒன்று பாலிசியில் எழுதியிருக்க வேண்டும். லீஸ் வண்டியென்றால் கம்பெனியே கேட்டு வாங்கிவிடும், சொந்தமாக வாங்கியவர்கள்தான் காசை மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள். வண்டி போனபின் வாடகைக் காருக்கு ஓபிசிஎஃப் 20 என்று ஒரு சேர்க்கை உண்டு, நைட் ஷிஃப்ட்காரருக்கு அது தேவைப்படும். காருக்குள் இருந்த லேப்டாப், குழந்தை வண்டி எல்லாம் கார் இன்சூரன்ஸில் வராது, வாடகைக்கு இருப்பவர் தன் பொருட்களுக்குப் போடும் டெனன்ட் இன்சூரன்ஸில் வரும். நைட் ஷிஃப்டுக்குத் தினமும் ஓட்டுவதையும் புரோக்கரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதிகம் திருடு போகும் வண்டிகளுக்குச் சில கம்பெனிகள் டிராக்கர் போடச் சொல்லும், போடாவிட்டால் கூடுதல் கட்டணம் கேட்கும்.

லெக்சஸ்காரி:
ஒரு ஏர்டேக்கை இருக்கைக்குள் ஒளித்து வைத்தால் போதாதா?

கணக்குப்பிள்ளை:
வையுங்கள், தப்பில்லை. ஆனால் வண்டி இருக்கும் இடம் தெரிந்தால் போலீஸிடம் சொல்லுங்கள், நீங்களே போய் நிற்காதீர்கள். கம்பெனி கேட்கும் டிராக்கருக்கு அது ஈடாகாது.

ரூஜ்_அக்கா:
அப்புறம் ஓனர்ஷிப் காகிதத்தைக் காருக்குள் விடாமல் பர்ஸில் வையுங்கள், அதில் வீட்டு முகவரி இருக்கிறது. கராஜ் ரிமோட்டைச் சன்வைசரில் மாட்டும் பழக்கம் வீட்டுக்காரருக்கு இருந்தால், அவர் உடனே கராஜ் திறப்பானின் பழைய ரிமோட்டுகளை அழிக்க வேண்டும். வண்டியோடு ரிமோட்டும் போயிருந்தால் அவர் வீடு இப்போதும் திறந்த வீடுதான்.

பேஸ்மென்ட்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ரிமோட் வண்டியிலேயேதான் இருந்ததாம் அக்கா, அழித்துவிட்டார். கதவு வேலைக்கும் சரி என்றார். புரோக்கரிடம் கேட்டேன், கட்டாயக் காப்பு மட்டும்தான் இருந்தது. காம்ப்ரிஹென்சிவும் அந்த 20-ம் இன்றிலிருந்து சேர்த்தாகிவிட்டது. சாவி அழிக்க நேரம் வாங்கியிருக்கிறேன். வின் நம்பர் மூன்று இடத்திலும் ஒன்றுதான். ஒரே சந்தேகம், வாங்கிய ஃபாரடே பைக்குள் சாவியைப் போட்டுக் காரருகே நின்றேன், கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறந்துவிட்டது. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?

வயர்மேன்:
சோதித்துப் பார்த்தீர்களே, அது நல்லது. உள்ளே இரண்டு அறை இருக்கும் பைகளில் சிலவற்றில் ஒரு அறையில் மட்டும்தான் உலோகத் துணி இருக்கும், அந்த அறையில் போட்டு மேல்மடிப்பை முழுவதும் மூடிப் பாருங்கள். அப்படியும் திறந்தால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல பையும் மடிப்பில் தேய்ந்தால் சிக்னல் கசியும், அதனால் மாதம் ஒரு தடவை இதே சோதனையைச் செய்யுங்கள்.