பழைய கோப்புகளோடு ஓர் அச்சகம்: திறமூல மென்பொருளுக்கு முழுமையாக மாறலாமா?

கேள்வி (அச்சகத்தார், தாராவி)

தாராவி 90 அடிச் சாலைக்கு அருகில் அப்பா தொடங்கிய சிறிய ஆஃப்செட் அச்சகத்தை இப்போது நான் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், கொடை விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவைதாம் எங்கள் முக்கிய வேலை. எங்களிடம் உள்ள நான்கு கணினிகளில் மூன்று விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி விற்றவர் அந்தக் காலத்தில் நிறுவித் தந்த வடிவமைப்பு மென்பொருள்களுக்கு உரிமம் கிடையாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், அலுவலக வேலைக்கு லிப்ரே ஆஃபிஸ் என்று, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் நிரலைத் திருத்தவும் கூடிய திறமூல மென்பொருளுக்கு முழுவதுமாக மாறினால் தொழில் ஓடுமா? 2003 முதல் சேர்ந்திருக்கும் கோப்புகளின் கதி என்ன? நேற்று ஒருவர் தம் அண்ணனின் திருமண அழைப்பிதழைக் கொண்டுவந்து, அதேபோல் தமக்கும் வேண்டும் என்றார். அதன் கோப்பு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை.

மறுமொழி 1 (பக்க வடிவமைப்பாளர், முலுண்ட்)

அண்ணாச்சி, கடைசி வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது. மென்பொருளின் விலையைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் கோப்பு யார் பூட்டிய பெட்டியில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

மென்பொருளின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. அந்தக் காலத்து அச்சகம் என்பதால் அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கராக இருக்கும் என்று கொள்கிறேன். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரும் பதிப்பு. அதன் இடத்தில் வந்த இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு வரை அந்தக் கோப்புகளைத் திறக்க முடிந்தது, அதன்பின் வந்த சிசி பதிப்புகளில் அந்த வசதி இல்லை. பணம் கொடுத்துப் புதிய தனியுரிம மென்பொருளை வாங்கினாலும் பழைய கோப்பு திறக்காது என்பதே இதன் பொருள். லிப்ரே ஆஃபிஸோ 2015இல் வெளிவந்த 4.4 பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கிறது. அந்த வடிவத்தை ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய நிரல் இன்றும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே கிடக்கிறது.

திறந்த பிறகு இரண்டாவது பூட்டு ஒன்று காத்திருக்கும், அது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைத்திருப்பது தமிழே அன்று. ‘அம்மா’ என்று நீங்கள் தட்டியது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாக இருக்கும்; எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். எனவே பழைய எழுத்துருவை நிறுவிப் பார்த்து, உரையை நகலெடுத்து, எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் யூனிகோடு குறிமுறைக்கு மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவில் மீண்டும் அடுக்குங்கள். மாற்றும் வேலைக்கு ஓப்பன் தமிழ் என்ற திறமூல நிரல் தொகுப்பு உண்டு.

ஸ்கிரைபஸைப் பொறுத்தவரை 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பையே நிறுவுங்கள். 1.4 வரிசையில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு இது ஆகாது என்று ஒதுக்கியவர்கள் பலர். அச்சுத் தகடான பிளேட்டுக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிரிப்பையும் அச்சுக்குரிய பிடிஎஃப்பையும் அது ஒழுங்காகவே தருகிறது.

மறுமொழி 2 (கணக்காளர், மாட்டுங்கா)

உரிமம் இல்லாத மென்பொருளை இன்றே நீக்குங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, அத்தகைய நகலைத் தெரிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மேலே இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்களே!

கணக்குக்கு நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று தெரியவில்லை. உரிமம் பெற்ற டாலி இருந்தால் அதை மாற்றச் சொல்லமாட்டேன், ஏனெனில் உங்கள் ஆடிட்டர் அதே வடிவத்தில்தான் தரவைக் கேட்பார். திறமூலத்தில் நம் மும்பையிலேயே உருவான இஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது. சரக்கு, பட்டியல், சம்பளம் அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்றாலும், அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். நான்கு கணினி உள்ள கடைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் கதையாகிவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் கணக்குத் திருத்தங்களின் தடத்தை மென்பொருளே பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு உரியது. உங்களுடையது தனியுடைமை என்றால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

மறுமொழி 3 (அச்சக உரிமையாளர், செம்பூர்)

முதல் மறுமொழியை மறுக்கவில்லை. ஆனால் கூலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. டிடிபி என்னும் கணினி அச்சுக்கோப்பு வேலைக்கு வரும் பையன்களுக்குக் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளின் குறுக்கு விசைகள் விரல் நுனியில் இருக்கும். ஸ்கிரைபஸ் தெரிந்தவர் என்று நான் தேடியபோது ஒருவரும் வரவில்லை. வெளியிலிருந்து வரும் வடிவமைப்புகளும் கோரல் கோப்புகளாகவே வருகின்றன. திறமூல வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் அவற்றைத் திறக்கும் என்றாலும் நிழலும் வண்ணச் சாயலும் சில நேரம் பிசகும். முகூர்த்த நாள் நெருங்கும்போது அதோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது. ஒரு கணினியில் மட்டும் முறையாக உரிமம் வாங்கிய கோரலை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றிலும் லினக்ஸைப் போடுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. கணக்குக்கு உரிமம் பெற்ற டாலிதான் இருக்கிறது, அதைத் தொடப்போவதில்லை. அந்த அழைப்பிதழ்க் கோப்பை நேற்றிரவு லிப்ரே ஆஃபிஸில் திறந்தேன். வாழைமரக் கரையும் பிள்ளையார் படமும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு பெட்டியின் உரை மட்டும் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. யூனிகோடுக்கு மாற்றியபோது பெயர்களும் முகூர்த்த நேரமும் பிழையின்றி வந்தன, ஆனால் ஆங்கிலத்தில் இருந்த மண்டப முகவரியையும் சேர்த்து மாற்றியதால் அந்த வரி ஒருவருக்கும் புரியாத தமிழாகிவிட்டது. எப்படியும் இம்முறை மண்டபம் வேறு என்பதால் அந்த வரியைப் புதிதாகத் தட்டச்சு செய்துவிட்டேன். பிழைதிருத்தத்திற்கு மாப்பிள்ளை வீட்டார் மாலையில் வருகிறார்கள். செம்பூர் அண்ணாச்சி சொன்னபடி ஒரு கணினிக்கு மட்டும் கோரல் உரிமத்தின் விலையை விசாரித்திருக்கிறேன்.